காலை ஐந்து, மாலை ஐந்து

"பூனைக்குமா சலரோகம்?" என்று நீங்கள் சிரிக்கக்கூடும். நாங்களும் சிரித்தவர்கள்தான். 2024 ஒக்டோபரில் மிருக வைத்தியர் அந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னபோது, மகள் அதை டொச்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்லி முடிக்கும் முன்பே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியர் சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் ஊசி போடவேணுமாம். போடாட்டில் செத்துப்போகுமாம்" என்றாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

பூனையின் பெயர் மோறிட்ஸ். நாங்கள் வைத்த பெயரல்ல. 2019இல் எங்கள் கீழ்மாடியில் இருந்த ஜேர்மன் மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனபோது பூனையைக் கூடக் கொண்டுபோக முடியவில்லை. அப்போது அதற்கு ஐந்து வயது. மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் வாயில் அது நாளடைவில் மோரிசு ஆகிவிட்டது. ஊரிலிருந்து வட்ஸ்அப்பில் பேசும் அம்மாவுக்கோ அது வெறும் மோர்.

வன்னியில் எங்கள் வீட்டுப் பூனைகளுக்கு யாரும் நேரம் பார்த்துச் சாப்பாடு வைத்ததில்லை. மீன் வெட்டும்போது தலையும் குடலும், மத்தியானம் மிஞ்சிய சோற்றில் ஒரு கை, மற்றதெல்லாம் எலியும் ஓணானும் அதுகளின் சொந்த உழைப்பு. மோரிசோ மூன்றாம் மாடியில் ஜன்னலைத் தவிர வேறு உலகம் அறியாத பூனை. ஒரு கிண்ணத்தில் காய்ந்த தீனி எந்நேரமும் நிறைந்திருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் ஒரு பிடி கொட்டிவிட்டுப் போவோம். வேலைக்கு ஓடுகிற வீட்டில் அதுதான் சுகம். பின்னேரம் எங்கள் கோப்பைகளில் மிஞ்சிய சோறும், கொஞ்சம் பாலும். எடை 7.1 கிலோ. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "நல்லாய் வளர்த்திருக்கிறியள்" என்பார்கள். எங்களுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் கோடையில் தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காய்ந்து கிடந்தது. மணல்பெட்டியில் சிறுநீர்க் கட்டிகள் தேங்காய்ச் சிரட்டை அளவில் வந்தன. எவ்வளவு தின்றாலும் பசி, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படத் தொடங்கியது. இதையெல்லாம் கண்டும் நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். வெக்கை என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் அது ஜன்னல் கட்டில் பாய எத்தனித்து நடுவழியில் விழுந்தது. பின்னங்கால்களைப் பார்த்தால் நுனியில் நிற்காமல், குதிக்கால் முழுவதும் தரையில் படிய, முயல் மாதிரி நடந்தது. நெடுங்காலம் இரத்தத்தில் சீனி கூடி நிற்கும்போது நரம்பு நொந்து இப்படி நடக்குமாம். ஊரில் பாதம் விறைக்கிறது என்று அம்மா சொல்வதும் இதே சங்கதிதான்.

பூனைக்கு இரத்தத்தில் ஒருமுறை சீனி பார்த்தால் மட்டும் போதாது. வைத்தியசாலை மேசையில் ஏறிய பயத்திலேயே சீனி எகிறிவிடும். அதனால் சிறுநீரிலும் பார்த்தார்கள். கடந்த ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியைக் காட்டும் ஃபிறக்ரோசமின் என்ற சோதனைக்கும் இரத்தம் அனுப்பினார்கள். எல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னது. நூறு பூனைக்கு ஒன்றிலிருந்து நானூறு பூனைக்கு ஒன்று வரை இந்த வருத்தம் வருவதாக வெவ்வேறு நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. கொழுத்த பூனை, வயது போன பூனை, விதை எடுத்த கடுவன், வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பூனை ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். எங்கள் மோரிசு நாலும்தான்.

அன்று வைத்தியர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் எங்களுக்குத் தெம்பு தந்தது. பூனையின் சலரோகம் பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகையைப் போன்றது. நேரத்தோடு கண்டுபிடித்து, இன்சுலினும் மாப்பொருள் குறைந்த சாப்பாடும் ஒழுங்காகக் கொடுத்தால் சில பூனைகளுக்கு ஒரு காலத்தில் ஊசியே தேவைப்படாமல் போகலாம். திரும்பி வரவும் கூடும். ஆனால் இடம் இருக்கிறது என்றார். 2023இல் ஐரோப்பாவில் வெலாகிளிபுளோசின் என்ற வாய்வழி மருந்துக்கு அனுமதி கிடைத்திருப்பதையும் சொன்னார். நாளுக்கு ஒருமுறை கொடுக்கும் நீர் மருந்து. எல்லாப் பூனைக்கும் பொருந்தாது, தொடங்கும்போது உடம்பில் கீற்றோன் சேர்கிறதா என்று கவனமாகப் பார்க்கவேண்டும். மோரிசின் நிலையில் இன்சுலின்தான் நல்லது என்பது அவருடைய முடிவு. ஒரு தரத்துக்கு 2 அலகு, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை.

பன்னிரண்டு மணித்தியாலம்

கேட்க இலேசு. எங்களில் ஒருவர் காருக்கான பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கும் ஆலையில் மூன்று ஷிப்ட் வேலை. காலை 6 முதல் 2, மத்தியானம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. கிழமைக்குக் கிழமை மாறும். மற்றவர் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை, காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். "உங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள், ஆனால் மாற்றாதீர்கள்" என்று வைத்தியர் சொன்னபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் வீட்டில் வசதியான நேரம் என்று ஒன்று இருந்தால் அல்லவா!

முதலில் காலை 7, மாலை 7 என்று தொடங்கினோம். எல்லோரும் செய்வதுபோல. இரண்டாம் நாளே பிசகியது. காலை ஏழுக்கு வீட்டில் இருப்பது மகள் மட்டும்தான். "நான் போடுறன்" என்று அவள் சொன்னாள். பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு ஆலையில் நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றிரவு ஒரு தாளில் எங்கள் இருவரின் நான்கு கிழமை வேலை நேரத்தையும் கோடு போட்டு எழுதினோம். வளர்ந்தவர் ஒருவராவது தவறாமல் வீட்டில் இருக்கும் இரண்டு நேரம், அதுவும் பன்னிரண்டு மணித்தியாலம் தள்ளி, எது என்று தேடினோம். ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. காலை ஐந்து, மாலை ஐந்து. இரவு வேலைக் கிழமையில் துப்புரவுக்குப் போகிறவர் காலையில் போடுவார். மத்தியான வேலைக் கிழமையிலும் மாலை ஊசி அவருடையதுதான். மற்ற நாட்களில் இருவரும் நிற்போம். சனி ஞாயிறிலும் ஐந்துதான். ஞாயிற்றுக்கிழமை நித்திரை எங்கள் வீட்டில் அத்தோடு செத்தது.

ஷிப்ட் வேலை செய்கிற குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான்: நேரத்தை முடிவு செய்யும் முன் தாளில் கோடு போடுங்கள்.

ஐந்து என்றால் மணியடித்தாற்போல் ஐந்தா? இல்லை. ஒரு மணித்தியாலம் முன்பின் ஆனால் பெரிய கெடுதி இல்லை என்றார் வைத்தியர். ஒக்டோபர் 27ஆம் திகதி குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டைப் பின்னே தள்ளியபோது நாங்கள் கலங்கிப்போய் ரெலிபோன் எடுத்தோம். ஒரேயடியாக மாற்றினாலும் பரவாயில்லை, விரும்பினால் இரண்டு நாளில் அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாக மாற்றுங்கள் என்றார்கள். மோரிசுக்கு மட்டும் அது விளங்கவில்லை. பழைய ஐந்துக்கே எழும்பி எங்கள் நெஞ்சில் ஏறி நின்று கத்தியது.

ஊசி தவறிப்போனால்? இது முக்கியம். ஒருமுறை தவறினால் அடுத்த நேரத்துக்கு வழமையான அளவு மட்டும். தவறியதையும் சேர்த்து இரண்டு மடங்கு போடவே கூடாது. போட்டாயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் போடக்கூடாது. ஒரு நேரம் சீனி கூடி நிற்பதால் பூனை செத்துப்போகாது. சீனி அடியோடு இறங்கினால் அன்றே போய்விடும். நாங்கள் பிறிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். ஊசி போட்டவர் கையோடு நேரமும், தின்ற அளவும், தன் முதலெழுத்தும் எழுதவேண்டும். இருவரும் மாறிமாறி வரும் வீட்டில் இந்தத் தாள் இல்லாவிட்டால் மோரிசு என்றோ இரட்டை ஊசி வாங்கியிருக்கும்.

ஒழுங்கு இப்படி: முதலில் சாப்பாடு, பூனை அதைத் தின்பதைக் கண்ணால் கண்டபின் ஊசி. முகத்தைக் கிண்ணத்துக்குள் வைத்துக்கொண்டு தின்னும்போதே கழுத்துக்குப் பின்னால் தோலை மெல்லத் தூக்கிப் போட்டுவிடலாம். மயிரளவு ஊசி, அது திரும்பியும் பார்க்காது. பாதிதான் தின்றால், அல்லது மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டால், முழு அளவையும் போட்டுவிட்டு வேலைக்கு ஓடக்கூடாது. வைத்தியரைக் கேட்கவேண்டும். எங்களுக்கு அவர் பாதி தின்றால் பாதி அளவு, ஒன்றும் தின்னாவிட்டால் ஊசி வேண்டாம், உடனே எடுங்கள் என்று எழுதித் தந்திருக்கிறார். உங்கள் பூனைக்கு வேறு அளவு, வேறு மருந்தாக இருக்கலாம். கேட்டு எழுதி வாங்கி வைத்திருங்கள். காலை ஐந்து மணிக்கு வைத்தியசாலை பூட்டித்தான் இருக்கும்.

சீனி வருத்தம் என்றால் பட்டினி போட்டுக் குறைக்கலாம் என்று நினைப்பவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். கொழுத்த பூனையை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்க் குவிந்து, ஈரல் செயலிழந்து அது செத்துவிடவும் கூடும். எடை குறையத்தான் வேண்டும், ஆனால் கிழமைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று அளவில், மெல்ல மெல்ல.

பெட்டியின் பின்பக்கம்

சாப்பாட்டை ஏன் மாற்றவேண்டும் என்று எங்களுக்கு விளங்க நாளெடுத்தது. வைத்தியர் ஒரு படம் கீறிக் காட்டினார். பூனை இறைச்சி தின்னவே பிறந்த மிருகம். எங்கள் எச்சிலில் மாப்பொருளை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதியம் உண்டு, பூனையின் எச்சிலில் அது இல்லை. சாப்பிட்டவுடன் திடீரென்று ஏறும் சீனியைப் பிடித்து அடக்க ஈரலில் இன்னொரு நொதியம் இருக்கவேண்டும், அதுவும் பூனைக்கு மிகச் சொற்பம். நொதியம் என்ற சொல்லை எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தது. இடப்பெயர்வுகளோடு பள்ளிக்கூடம் நின்றுபோன எங்களுக்கு, ஒரு பூனையின் பேரில் அது திரும்பவும் கண்ணில் பட்டது.

இங்கே பெட்டியில் ட்றொக்கன்ஃபுட்டர் என்றிருப்பது காய்ந்த தீனி, நாஸ்ஃபுட்டர் என்றிருப்பது ஈரத் தீனி. காய்ந்த தீனியை உருண்டையாக ஒட்டிப் பிடிக்கவே மாவு வேண்டும். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் மாப்பொருள் எவ்வளவு என்று எழுதியிருக்காது. நாங்களே கணக்குப் பார்க்கவேண்டும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் றோப்புரோட்டைன், றோஃபெட், றோஆஷே, றோஃபாசர் என்று நாலு இலக்கம் இருக்கும். புரதம், கொழுப்பு, சாம்பல், நார். ஈரத்தின் அளவு ஃபொயிஷ்டிக்கைட் என்றிருக்கும். ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிச்சம்தான் மாப்பொருள். ஈரம் நூற்றுக்கு 14ஐத் தாண்டினால்தான் அச்சிடக் கட்டாயம், ஆகவே காய்ந்த தீனியில் அது எழுதியிருக்காது. 8 என்று வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் வருடக்கணக்காகக் கொட்டிக்கொண்டிருந்த தீனியின் கணக்கு: 32ம் 12ம் 7ம் 3ம், ஈரம் 8. மொத்தம் 62. மிச்சம் 38! ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு மா. ஒரு ஈரத் தீனியில் புரதம் 10.5, கொழுப்பு 6, சாம்பல் 2, நார் 0.4, ஈரம் 80. மொத்தம் 98.9. மிச்சம் ஒன்று சொச்சம். தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிட்டாலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஈரத் தீனி எல்லாமே நல்லதென்று இல்லை. குழம்பு மாதிரி வழுவழுப்பாக வருவதில் மாவும் சீனியும் சேர்ந்திருக்கும். கெற்றைட என்றால் தானியம், சுக்கர் என்றால் சீனி. இந்த இரண்டு சொல்லையும் கண்டால் திரும்ப இறாக்கையில் வைத்துவிடுகிறோம். விலை கூடியதுதான் நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மலிவுக் கடையின் சொந்தப் பெயரில் வரும் ரின்களில் இந்தக் கணக்குக்குத் தேறுபவை உண்டு.

எங்கள் சமையலறையிலிருந்து இப்போது அதற்கு ஒன்றும் போவதில்லை. சோறும் பாணும் மா என்பதால் மட்டுமல்ல. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும் நஞ்சு. மீன் குழம்பில் கழுவிக் கொடுத்தாலும் ஊறியது ஊறியதுதான். இத்தனை வருடமும் ஆசையாய்க் கொடுத்துக்கொண்டிருந்தோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செமிக்காது. ஆசைக்கு ஏதும் கொடுக்க நினைத்தால் உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சில் விரல் நுனியளவு.

அந்தச் சனிக்கிழமை

இந்தக் கணக்கெல்லாம் தலைக்குள் ஏறியதும் எங்களுக்கு அவசரம் பிடித்துவிட்டது. நொவம்பர் தொடக்கம். ஊசி தொடங்கி மூன்று கிழமைகூட முழுதாக ஆகவில்லை. காய்ந்த தீனியை மூட்டையோடு குப்பையில் போட்டுவிட்டு, வியாழக்கிழமையிலிருந்து முழுக்க முழுக்க ஈரத் தீனி. மோரிசு கிண்ணத்தை வெள்ளியாக நக்கியது. நாங்கள் ஏதோ சாதித்துவிட்டதாக மகிழ்ந்துபோனோம். ஊசி மட்டும் வழமைபோல 2 அலகு.

சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிபோல உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே அது படுத்திருந்தது. மகள் கூப்பிட்டாள், வரவில்லை. எழும்பப் பார்த்துச் சாய்ந்தது. கறுத்த கண்மணி கண் முழுவதும் விரிந்திருந்தது. தலை நடுங்கியது. "அப்பா, மோறிட்ஸ் வெறிச்ச ஆக்கள் மாதிரி நிக்குது" என்று அவள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்களுக்கு அது என்னவென்று தெரியும். பூனையால் தெரிந்ததல்ல. அம்மா ஒரு கந்தசட்டிக்கு விரதம் இருந்துகொண்டு குளிசையை மட்டும் விடாமல் போட்டு, கோவில் வீதியில் இப்படித்தான் வேர்த்து விழுந்தவர். யாரோ ஓடிப்போய்ச் சோடா வாங்கிப் பருக்கினார்கள். அந்த நினைவு வந்ததுதான் மோரிசின் நல்ல காலம். தேன் போத்தலைத் திறந்து விரலில் எடுத்து, உதட்டைத் தூக்கி முரசில் பூசினோம். வாய்க்குள் ஊற்றவில்லை. மயங்கின பூனைக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வந்திருந்தால் பற்களுக்கு இடையில் விரலும் வைக்கக்கூடாது. இரண்டாம் முறை பூசி, ஐந்தாறு நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கியது. கிண்ணத்தைப் பக்கத்தில் வைக்கக் கொஞ்சம் தின்றது. அதன்பிறகு அவசர வைத்தியசாலைக்கு ஓடினோம். தேனின் பலம் கொஞ்ச நேரம்தான், உள்ளே இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது.

அங்கே முதற்கேள்வி, "சாப்பாட்டை மாற்றினீர்களா?" ஓம் என்றோம். "ஊசியின் அளவைக் குறைத்தீர்களா?" இல்லை.

எங்கள் வைத்தியர் முதல்நாளே தந்த தாளில் இது இருந்தது. மூன்றாம் பக்கத்தில், தீனியை மாற்றுவதென்றால் முன்கூட்டியே கேட்கவும் என்று ஒரு வரி. மகள் அந்தத் தாளை எங்களுக்கு வாசித்துச் சொன்னபோது அந்த வரியை விட்டுவிட்டாள். அல்லது சொன்னாள், நாங்கள் காதில் வாங்கவில்லை. அவள் தான்தான் விட்டுவிட்டதாக இரண்டு நாள் அழுதாள். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கார் பத்திரம், வீட்டு வாடகைக் கடிதம், வரித் திணைக்களம், இப்போது பூனையின் உயிர். எல்லாவற்றையும் அந்தச் சின்னத் தோளில்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். நீங்கள் பலரும் அப்படித்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வைத்தியரிடம் போகும்போது நாங்களே எங்கள் ஓட்டை டொச்சில் கேட்கிறோம். கேட்டதை எழுதித் தரச் சொல்கிறோம். வீட்டில் வந்து கைத்தொலைபேசியில் மொழிமாற்றி வரிவரியாகப் பார்க்கிறோம். மகள் கூட வருகிறாள், பூனையைத் தடவிக்கொண்டிருக்க.

ஆலையில் வார்ப்பு இயந்திரத்தின் வெப்பத்தை மாற்றினால் அழுத்தத்தையும் கையோடு மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் திருகிவிட்டுப் போனால் அடுத்த நூறு பாகமும் பழுது. தினமும் இதைச் செய்கிறவர்களுக்கு இது தோன்றவில்லை. 2 அலகு என்பது நாற்பது பங்கு மாவுக்கு எதிராக வைத்த அளவு. மாவை எடுத்துவிட்டால் அந்த ஊசிக்கு எதிரே ஒன்றும் இல்லை.

அன்றைய கணக்குச் சீட்டையும் சொல்லிவிடுகிறோம், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஜேர்மனியில் மிருக வைத்தியர் கட்டணம் சட்டத்தால் வகுக்கப்பட்டது. 2022 நொவம்பரில் வந்த புதிய பட்டியலில் பூனையைப் பார்க்க அடிப்படை 23.62 யூரோ, வரி தனி. வேலையின் கடினத்தைப் பொறுத்து மூன்று மடங்கு வரை எடுக்கலாம். இரவு, வார இறுதி அவசரம் என்றால் இரண்டு மடங்கிலிருந்து நாலு மடங்கு, அதற்குமேல் 50 யூரோ அவசரக் கட்டணம். இரத்தம், ஊசி, ஒரு இரவு வைத்துப் பார்த்தது எல்லாம் சேர்த்து எங்களுக்கு வந்தது ஒரு கிழமைச் சம்பளத்துக்குக் கிட்ட. தவணை முறையில் கட்டினோம். "ஒரு பூனைக்கோ?" என்று ஆலையில் எங்கள் ஆள் ஒருவர் கேட்டார். பதில் சொல்லவில்லை.

அளவும் அளவையும்

ஊசியை 1 அலகாகக் குறைத்தார்கள். தீனி ஈரமாகவே தொடர்ந்தது. நாளுக்கு மொத்தம் 240 கிராம், அதன் சரியான எடை 5 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு. காலை ஐந்துக்கு 90, மாலை ஐந்துக்கு 90. இடையில் பகல் பதினொன்றுக்கு 30, இரவு பத்தரைக்கு 30. ஊசி போட்டு நாலிலிருந்து எட்டு மணித்தியாலத்துக்குள்தான் மருந்தின் வேகம் உச்சத்தில் நிற்கும். அந்த இடைச் சாப்பாடு அதற்குத் துணை. இரவு பத்தரைக்கு மத்தியான ஷிப்ட் முடிந்து வருகிறவர் வைப்பார். பகல் பதினொன்றுக்கு மணிக்கூடு பூட்டிய தீனிப்பெட்டி ஒன்று வாங்கினோம். அடியில் பனிக்கட்டிப் பை, நேரம் வந்ததும் மூடி திறக்கும். மருந்துக்கு மருந்து இந்த இடைச் சாப்பாட்டு ஒழுங்கு மாறும், சில இன்சுலினுக்குப் பூனை விரும்பிய நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் பாதகமில்லை என்கிறார்கள். கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை, எங்கள் வீடுகளுக்கென்றே. எங்கள் வீடுகளில் இன்சுலின் பாவிக்கிற பெரியவர் ஒருவராவது இருப்பார். அப்படி ஒரு உறவினர் அன்போடு ஒரு பொதி சிரிஞ்ச் கொண்டுவந்து தந்தார். மிருகங்களுக்கென்று செய்த இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு. மனிதருக்கானது பெரும்பாலும் 100 அலகு. சிரிஞ்சில் உள்ள கோடுகளும் அதற்கேற்றபடிதான். பூனையின் மருந்தை மனித சிரிஞ்சில் 2 என்ற கோட்டுக்கு எடுத்தால் உள்ளே போவது 0.8 அலகு. மாறி, மனித மருந்தைப் பூனை சிரிஞ்சில் 2க்கு எடுத்தால் 5 அலகு! போத்தலும் சிரிஞ்சும் ஒரே இலக்கமா என்று பார்த்த பிறகே தொடுங்கள். அந்தப் பொதியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

வீட்டில் சீனி பார்க்கவும் பழகினோம். காது மடலின் ஓரத்தில், கையால் கொஞ்சம் சூடாக்கிக் குத்தினால் ஒரு துளி வரும். முதல் கிழமை எங்கள் கைகளில்தான் இரத்தம் அதிகம். மனிதருக்கான மீற்றர் பூனையின் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும் என்பதால், பூனைக்கென்று உள்ளதை வாங்கச் சொன்னார்கள். அளவைப் பார்த்து நாங்களாக ஊசியைக் கூட்டிக் குறைப்பதில்லை. ஒருமுறை பட்டது போதும். இலக்கத்தைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவோம், அவர் சொல்வார்.

இந்த ஒழுங்கு எங்கள் வாழ்க்கையையும் சுருக்கிவிட்டது, மறைக்கவில்லை. பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்ட முன்னமே எழும்பிவிடுகிறோம். 2025 கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் போனோம். வழமையாக இரவாகித்தான் வீடு திரும்புவோம். இம்முறை தேர் இருப்புக்கு வந்த கையோடு எங்களில் ஒருவர் மூன்று மணி ரயில் பிடித்தார். "எங்கை ஓடுறாய்?" என்று கேட்ட சொந்தக்காரருக்கு "பூனைக்குச் சாப்பாடு" என்று சொல்லவேண்டி வந்தது. அந்தக் கதை இப்போது நோர்வே வரை போயிருக்கிறது. பரவாயில்லை. கீழ்மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் துருக்கி நாட்டு அம்மா, தன் கணவருக்கு ஊசி போட்டுப் பழகியவர், அடுத்தமுறை தான் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் மேலே வந்து நின்று பார்த்தும் விட்டார்.

மோரிசின் எடை இப்போது 5.6 கிலோ. ஊசி காலையும் மாலையும் அரை அலகு. அதையும் நிறுத்திப் பார்க்கலாமா என்பதை அடுத்த மாதச் சோதனைக்குப் பிறகு சொல்வதாக வைத்தியர் சொல்லியிருக்கிறார். பின்னங்கால் நரம்பு தேற மாதக்கணக்கு எடுத்தது. முதலில் ஒரு கால் நுனியில் நின்றது, பிறகு மற்றது. போன கிழமை இரவு வேலை முடிந்து காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், பிறிஜ் தாளில் ஐந்து மணிக்கு நேரே "90, முழுவதும் தின்றது" என்று எழுதியிருந்தது. அது ஜன்னல் கட்டில் இருந்து வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறியதை நாங்கள் யாரும் காணவில்லை.